95 அடித்தால் எஞ்சின் கழுவுப்படுமா?

வியாபார நண்பர்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தால் வாடகை, வட்டி, டொலர் விலை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது வாகனச் செலவுதான். சரக்கு ஏற்றி இறக்க ஒரு சிறிய வேனாவது இல்லாத மொத்த வியாபாரி இன்று அரிது. அந்த வேன் குடிக்கும் பெற்றோல் மாதம் தவறாமல் இலாபத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்வியை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். வழமையாக 92 ஒக்டேன் பெற்றோல் பாவிக்கும் வாகனத்துக்கு, எஞ்சினைச் சுத்தம் செய்வதற்காக எத்தனை தடவைக்கு ஒருமுறை உயர்ரகப் பெற்றோல் அடிக்க வேண்டும்?

எமது தெருவில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் தம்பி ஒருவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "நானா, அஞ்சு தரம் 92 அடிச்சா ஆறாவது தரம் 95 தான். வருஷத்துக்கு ஒருக்கா சனாமக்கி குடிக்கிற மாதிரி. உள்ளுக்கு இருக்கிற கரியெல்லாம் கழுவிட்டுப் போயிரும்" என்பார். இன்னொருவர் மாதத்தின் முதல் டாங்கியை 95இல் நிரப்புவார். மற்றொருவர் நுவரெலியா, மட்டக்களப்பு என்று தூரப் பயணம் புறப்படும்போது மட்டும் அடிப்பார். ஆளுக்கொரு கால அட்டவணை இருக்கிறது. ஆனால் கழுவுவது எது, அது அந்தப் பெற்றோலில் இருக்கிறதா என்று விசாரித்தவர் இவர்களில் யாருமில்லை. கடைக்கு ஒரு பெட்டி சவர்க்காரம் வாங்கினால் நிறையையும் உற்பத்தித் திகதியையும் பார்த்து வாங்குகின்ற நாம், அதைவிடப் பல மடங்கு பணம் கொடுத்து வாங்கும் பெற்றோலில் பம்பிலுள்ள இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம்.

இலக்கம் சொல்வது என்ன?

92, 95 என்ற இலக்கங்களுக்கும் சுத்தத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்து அமுக்கப்படும்போது, பிளக் பொறி தட்டுவதற்கு முன்னரோ ஒழுங்கு தவறியோ அது தானாகவே வெடித்துவிடக் கூடாது. அப்படி வெடிப்பதைத்தான் கராஜ்காரர்கள் 'நொக்கிங்' என்கிறார்கள். அதை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவே ஒக்டேன். அதிகமாக அமுக்கும் எஞ்சினுக்கும், டர்போ பூட்டிய பல ஐரோப்பிய வாகனங்களுக்கும் உயர்ந்த ஒக்டேன் தேவை. அத்தகைய வாகனத்துக்கு ஆறு தடவைக்கு ஒருமுறை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் அடிக்க வேண்டும்.

எஞ்சினைக் கழுவுவது வேறொரு சரக்கு. அதை ஆங்கிலத்தில் டிடர்ஜன்ட் என்பார்கள். துணி துவைக்கும் தூளுக்குச் சொல்லும் அதே சொல்தான், வேலையும் ஏறக்குறைய அதேதான். இந்த இரசாயனத்தின் ஒரு முனை கரியையும் உலோகத்தையும் பற்றிக்கொள்ளும், மறுமுனை பெற்றோலில் கரையும். இவ்வாறு அழுக்கைப் படியவிடாமல் தடுத்தும், படிந்ததைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்தும் எரிபொருளோடு கொண்டுபோய் எரித்துவிடும். பெற்றோலில் இது சேர்க்கப்படும் அளவு மிகச் சிறியது. 92இலும் கலக்கலாம், 95இலும் கலக்கலாம், இரண்டிலும் கலக்காமலும் விடலாம். சில கம்பனிகள் தமது உயர்ரகத்தில் மட்டும் இதைக் கூடுதலாகக் கலப்பதுண்டு. அதிலிருந்துதான் "விலை கூடியது கழுவும்" என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

'யூரோ 4' என்று பம்பில் எழுதியிருப்பதைக் காட்டி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். பெற்றோலைப் பொறுத்தவரை யூரோ 4 என்பதில் முக்கியமானது கந்தகத்தின் அளவு. பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. புகைக்கும் சூழலுக்கும் அது மிக நல்லது. ஆனால் அழுக்கில்லாத தண்ணீரும் சவர்க்காரத் தண்ணீரும் ஒன்றல்லவே.

நமது வீதிகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் பல ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் ஆக வந்தவை. அங்கே சாதாரணப் பெற்றோலை 'ரெகுலர்' என்றும் உயர்ரகத்தை 'ஹை ஒக்டேன்' என்றும் பிரிக்கிறார்கள். ஜப்பானியத் தர நிர்ணயப்படி ரெகுலரின் ஆகக் குறைந்த ஒக்டேன் 89, உயர்ரகத்தின் ஆகக் குறைந்த ஒக்டேன் 96. ஆகவே ஜப்பானில் ரெகுலர் என்று தயாரிக்கப்பட்ட வெகன் ஆர், விட்ஸ், அக்வா போன்ற வாகனங்களுக்கு எமது 92 ஒக்டேன் போதும். பெற்றோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டால் எது என்று சொல்லிவிடுவார்.

கரி எங்கிருந்து வருகிறது?

இதை வியாபாரிகள் அவசியம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் கரி படிவதற்கு மிகவும் ஏற்ற ஓட்டம் நமது டெலிவரி வேன்களின் ஓட்டம்தான்.

பெற்றோலை எஞ்சினுக்குள் தெளிப்பது இன்ஜெக்டர். அதன் துளைகள் நூலிழை அளவே இருக்கும். வாகனம் ஓடிக்கொண்டிருக்கும் வரை புதிய பெற்றோல் பாய்ந்து அதன் நுனியைக் குளிரச் செய்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும், எஞ்சினின் சூடு முழுவதும் மேலே ஏறும். நுனியில் எஞ்சி நின்ற ஓரிரு துளிகள் ஆவியாகி, பிசின் போன்ற ஒரு பொருளை விட்டுச் செல்லும். ஒரு தடவை நிறுத்தினால் அது ஒன்றுமில்லை. ஆனால் கெய்சர் வீதியில் பத்து நிமிடம், மருதானையில் ஐந்து நிமிடம், தெமட்டகொடையில் கால் மணித்தியாலம் என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சூடான எஞ்சினை நிறுத்தி எடுத்தால், அந்தப் பிசின் அடுக்கடுக்காகச் சுட்டுக் கரியாகிறது. கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு ஒரே ஓட்டமாகப் போய்வரும் வாகனத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டும் ஒரே வருடம் வாங்கிய ஒரே ரக வேனாக இருந்தாலும் உள்ளே இருப்பது இருவேறு எஞ்சின்கள்.

அடுத்தது, காற்றை உள்ளே விடும் வால்வு. அதன் பின்புறத்தில் பெற்றோலின் கசடும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து படிந்து, கடற்பஞ்சு போல ஆகிவிடும். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது தெளிக்கும் பெற்றோலை அந்தப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டார்ட் பண்ணத் தாமதம், அக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு தயக்கம், சிக்னலில் நிற்கும்போது நடுக்கம் என்று நாம் காணும் குறைகள் பல இதனால் வருபவை.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது 92ஆ 95ஆ என்று எவரும் கேட்கவில்லை, கிடைத்ததே போதும் என்று வரிசையில் கிடந்தோம். கேன்களில் மாதக்கணக்கில் தேக்கி வைத்த பெற்றோலும், மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலும் அன்று பல வாகனங்களுக்குள் போயின. நாட்பட்ட பெற்றோல் காற்றுப்பட்டுப் பிசினாகும், மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் கரி கக்கும். அந்தக் காலத்தில் ஓடி, பின்னர் ஒருபோதும் பரிசோதிக்கப்படாத பழைய வாகனத்தை வாங்குபவர்கள் இதையும் மனதில் வைத்துப் பேரம் பேசலாம்.

அமெரிக்காவில் நடந்த வியாபாரம்

கழுவும் பெற்றோலின் கதை அமெரிக்காவில் நடந்தது. வியாபாரி என்ற முறையில் எனக்கு இதில் அலாதி விருப்பம்.

அங்கே 1954ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெரிய எண்ணெய்க் கம்பனி, இன்றைய செவ்ரோன், டிடர்ஜன்ட் கலந்த பெற்றோலை விற்பனைக்கு விட்டது. அன்று கழுவ வேண்டியிருந்தது காபரேட்டர். 1980களில் காபரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்ததும் பிரச்சினை பெரிதாயிற்று. துளைகள் அடைபட்டன, வால்வுகளில் கரி ஏறியது, வாடிக்கையாளர்கள் கார்க் கம்பனிகளின் வாசலில் வந்து நின்றார்கள். பி.எம்.டபிள்யூ. கம்பனி ஒரு பரிசோதனையை வகுத்தது. 10,000 மைல் ஓடிய பின் வால்வு ஒன்றில் சராசரியாக 100 மில்லிகிராமுக்கு மேல் படிவு இருந்தால் அந்தப் பெற்றோலுக்கு முழுச் சித்தி கிடையாது.

பின்னர் 1995 ஜனவரியிலிருந்து அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், எல்லாப் பெற்றோலிலும் குறிப்பிட்ட ஆகக் குறைந்த அளவு டிடர்ஜன்ட் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் பின் என்ன நடந்தது? அதுவரை தாமாகவே தாராளமாகக் கலந்துவந்த கம்பனிகளிற் சில, "சட்டம் கேட்பது இவ்வளவுதானே" என்று அந்த அளவுக்கு இறங்கிவிட்டன. ஆகக் குறைந்த அளவு என்று போட்டது ஆகக் கூடிய அளவாகிப் போனது. மொத்தச் சந்தையில் இருக்கும் எவருக்கும் இது புதினமாக இருக்காது.

அதைக் கண்டு 2004இல் பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டர்ஸ், ஹொண்டா, டொயோட்டா ஆகிய நான்கு கார்க் கம்பனிகளும் சேர்ந்து, 'டொப் டியர்' என்ற ஒரு தர முத்திரையை உருவாக்கின. சட்டம் கேட்பதைவிட உயர்ந்த பரிசோதனையில் சித்தியடையும் பெற்றோலுக்கே அந்த முத்திரை கிடைக்கும். அதிலுள்ள ஒரு நிபந்தனையை இரண்டு தடவை வாசியுங்கள். முத்திரை பெறும் கம்பனி, தான் விற்கும் விலை குறைந்த பெற்றோல் முதல் விலை கூடிய பெற்றோல் வரை எல்லா ஒக்டேனிலும் அந்த டிடர்ஜன்ட் தரத்தைப் பேண வேண்டும். அதாவது கழுவுவதற்காக ஒக்டேனுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதைக் கார் செய்பவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டு ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கம், இரு வகைப் பெற்றோலையும் ஆய்வுகூடத்தில் எஞ்சினில் ஓட்டிப் பார்த்தது. 4,000 மைல், அதாவது சுமார் 6,400 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமமான அந்தப் பரிசோதனையில், முத்திரையற்ற பெற்றோல் முத்திரை பெற்றதைவிட 19 மடங்கு அதிகமான படிவை உண்டாக்கியது. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசமோ கலனுக்குச் சராசரியாக 3 சதம்தான். அதே ஆண்டு அச்சங்கம் இன்னொன்றையும் வெளியிட்டது. சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்த வாகனங்களுக்கு உயர் ஒக்டேன் அடித்து அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் 210 கோடி டொலரை வீணாக்கினார்கள் என்பதே அது. பணக்கார நாடு, தாங்கும்.

அப்படியானால் எத்தனை தடவைக்கு ஒருமுறை?

தம்பியின் சனாமக்கிக் கணக்கு ஏன் சரிவராது என்பது இப்போது விளங்கும். பெற்றோலில் கலந்து வரும் டிடர்ஜன்டின் பிரதான வேலை, படியவிடாமல் பார்த்துக்கொள்வது. தினமும் பல் துலக்குவது போன்றது அது. ஆறு நாளைக்கு ஒருமுறை துலக்கினால் துலக்காததைவிட மேல், அவ்வளவே. ஏற்கனவே ஏறிவிட்ட கரியை அது இறக்கும், ஆனால் மெதுவாக. ஒரு டாங்கி போதாது, தொடர்ச்சியாகப் பல டாங்கிகள், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்கள் வேண்டும். இடையில் ஐந்து டாங்கி வேறு பெற்றோல் போனால் இறங்கியது மீண்டும் ஏறும். அதுவும் ஆறாவதாக அடிக்கும் பெற்றோலில் டிடர்ஜன்ட் இருந்தால்தான். இல்லையென்றால் அவர் ஒக்டேனை வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறார், எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எங்கள் இளமைக் காலத்தில் பெற்றோல் என்றால் கூட்டுத்தாபனம் மட்டும்தான். 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது, 2023இல் சினோபெக் வந்தது. இன்று தெரிவுசெய்ய இடமிருக்கிறது, ஆகவே விசாரிக்கவும் இடமிருக்கிறது. பம்பில் நிற்கும் பையனிடம் கேட்டுப் பயனில்லை. மாதம் சில நூறு லீற்றர் வாங்கும் வியாபாரி கம்பனியின் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் போடலாம். உங்கள் பெற்றோலில் டிடர்ஜன்ட் சேர்க்கிறீர்களா, எந்த ரகங்களில் சேர்க்கிறீர்கள், எந்தப் பரிசோதனையில் சித்தியடைந்தது? 92இலேயே இருக்கிறது என்று எழுத்தில் பதில் வந்தால் அதையே ஒவ்வொரு தடவையும் அடியுங்கள், விடயம் முடிந்தது.

அப்படியொரு பதில் கிடைக்காவிட்டால் போத்தல் மருந்து இருக்கிறது. ஹியுண்டாய், கியா கம்பனிகள் அமெரிக்காவில் விற்கும் பல வாகனங்களின் கைநூலில், டொப் டியர் பெற்றோலைத் தொடர்ந்து பாவிக்காதவர்கள் ஸ்டார்ட் பண்ணுவதில் சிரமமோ ஓட்டத்தில் நடுக்கமோ கண்டால், 7,500 மைலுக்கு, அதாவது 12,000 கிலோமீற்றருக்கு ஒரு போத்தல் டாங்கியில் ஊற்றும்படி சொல்லப்பட்டிருக்கிறது. வெவ்வேறு மருந்துகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்றும் அதில் உண்டு. பம்பில் வருவதைவிடப் பல மடங்கு செறிவானது என்பதால்தான் ஒரு டாங்கியிலேயே இது கணிசமான வேலை செய்கிறது. வாங்கும்போது போத்தலில் 'பொலிஈதர் அமீன்' அல்லது அதன் சுருக்கமான 'பி.ஈ.ஏ.' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதிக சூட்டைத் தாங்கிக் கழுவுவது அதுதான். பெயரே போடாத போத்தல்களில் பல வெறும் மண்ணெண்ணெய் இனம்.

நம்மில் பலர் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எஞ்சின் ஒயில் மாற்றுகிறோம். இரண்டு ஒயில் மாற்றத்துக்கு ஒரு போத்தல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஞாபகமிருக்கும். ஒயில் மாற்றுவதற்கு முந்திய டாங்கியில் ஊற்றுவது நல்லது. எரியாத மருந்து கொஞ்சம் ஒயிலுக்குள் இறங்கினாலும் பழைய ஒயிலோடு போய்விடும்.

காசுக் கணக்கு

எரிபொருள் விலை அடிக்கடி மாறுவதால் ஓர் உதாரணமாக, 92க்கும் 95க்கும் லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேன் மாதம் 200 லீற்றர் குடிக்கிறது, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறது. எப்போதும் 95 அடித்தால் மாதம் 8,000 ரூபா, வருடத்துக்கு 96,000 ரூபா மேலதிகச் செலவு. தம்பியின் ஆறுக்கு ஒன்று கணக்கில் வருடத்துக்கு 16,000 ரூபா. அந்த வேன் வருடத்தில் ஓடுவது 24,000 கிலோமீற்றர். 12,000க்கு ஒரு போத்தல் என்றால் இரண்டு போத்தல். ஒன்று 5,000 ரூபா என்று போட்டாலும் 10,000 ரூபா. மூன்று வேன் வைத்திருப்பவர் இதை மூன்றால் பெருக்கிப் பார்க்கட்டும். 96,000 ரூபாவை நிகர இலாபமாக எடுக்க எத்தனை இலட்சத்துக்குச் சரக்கு விற்க வேண்டும் என்பது அவரவருக்குத் தெரியும்.

போத்தல் வாங்கும் முன்னர் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. எண்ணெய் கூடக் குடிக்கிறது என்றவுடன் கரிதான் காரணம் என்று முடிவெடுக்க வேண்டாம். எயார் பில்டர், பிளக், த்ரொட்டில் பொடி, டயர் காற்று ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சாரதியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, டாங்கியை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் மீற்றர் இலக்கத்தையும் லீற்றரையும் எழுத வையுங்கள். எனது கடை வேனுக்கு அப்படியொரு கொப்பி இருக்கிறது. எஞ்சினுக்கு வருத்தம் வந்தால் அது கராஜ் பாஸுக்கு முன்னரே அந்தக் கொப்பியில் தெரிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் "பெற்றோல் கொப்பியா கடன் கொப்பியா" என்று கேட்டுச் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஹொண்டா வெஸல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2013இலிருந்து வந்த முதலாம் தலைமுறை வெஸலின் எஞ்சின் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோலைத் தெளிக்கும் வகை. அதில் பெற்றோல் உள்வால்வின் பின்புறத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே எந்த உயர்ரகப் பெற்றோலும், எந்தப் போத்தலும் அந்த வால்விலுள்ள கரியைக் கழுவாது. இன்ஜெக்டர் நுனிக்கும் சிலிண்டருக்கும் மட்டுமே பயன். வால்வில் கரி ஏறினால் அதைக் கராஜில் தனியாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலையைத் தெரிந்து செய்பவரிடம் கொடுங்கள். "ஒரு போத்தல் ஊத்தினா சரியாயிரும் முதலாளி" என்று சொல்பவரிடம் வேண்டாம்.

இவ்வளவும் பெற்றோல் வாகனங்களுக்கு மட்டுமே. டீசல் லொறியின் இன்ஜெக்டருக்கான மருந்து வேறு. பெற்றோல் போத்தலை அதில் ஊற்றிவிடாதபடி ஸ்டோரில் இரண்டையும் வெவ்வேறு தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.